பேரையூருக்குப் போகும் எண்ணெய்

பரவை,
சுபானு வருஷம், தை 24

என் மச்சானுக்குச் செல்லத்தாய் வணக்கமாக எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் சுகம். செவலைப் பசுவும் சுகம். பேரையூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று கேட்டு எழுதத்தான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. நன்றாகவே ஒத்துக்கொண்டிருக்கிறது.

கார்டில் எழுதினால் மில் கணக்கப்பிள்ளை கருத்தக்கண்ணன் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று பொங்கலுக்கு வந்தபோது நீங்களே சொன்னீர்கள். அதனால் கவர் வாங்கி எழுதுகிறேன். நீங்கள் மட்டும் படியுங்கள். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பது ஒன்று. "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்பது இன்னொன்று. மிச்சமெல்லாம் முத்துத்தாய். முத்துத்தாய் இன்ஜின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுகிறாளாம். முத்துத்தாய் புங்கங்கொட்டையில் சொத்தையைக் கையால் தடவியே ஒதுக்கிவிடுகிறாளாம். குரூடாயில் பெர்மிட் கிடைக்காமல் மதுரை ஜில்லாவில் பாதி மில் பூட்டிக்கிடக்கும்போது, புங்கெண்ணெய் ஊற்றி இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று துணிந்தது முத்துத்தாய்தானாம். எட்டு வருஷமாக நீங்கள் நடந்து வரும் சத்தத்தை வைத்தே உங்களுக்கு என்ன கோபம் என்று நான் சொல்லிவிடுகிறேன். அதை யாருக்காவது எழுதியிருக்கிறீர்களா?

நீங்கள் போனபோது நான் தடுக்கவில்லை. இங்கே ரைஸ் மில்லை முதலாளி பூட்டிவிட்டார், இன்ஜின் டிரைவருக்கு வேலை இல்லை, வெள்ளைக்காரன் சண்டை முடிகிறவரைக்கும் வீட்டில் உட்கார முடியாது. எல்லாம் தெரியும். அத்தையின் அண்ணன் மகள் முத்துத்தாய், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைப் பிள்ளையோடும் பருத்தி மில்லோடும் தனியாக நிற்கிறாள், ஒத்தாசை செய்வது முறை என்று அத்தை சொன்னபோது நானும் தலையாட்டினேன். அவள் உங்களுக்கு முறைப்பெண் என்பதும் தெரிந்துதான் தலையாட்டினேன். நான் உங்களை மச்சான் என்று கூப்பிடுகிறேன். அவளும் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். முறை அப்படி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பொங்கலுக்கு வந்தபோது கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையை மூன்று தடவை துவைத்தேன். புங்கெண்ணெய் வாடை போகவில்லை. அது போகட்டும். தோளில் கிழிந்த இடத்தில் தையல் போட்டிருந்தது. நெருக்கமான தையல். அது ஆம்பளை போட்டது இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த வருஷம் பரவை வாய்க்கால் கரைப் புங்கமரங்களின் மகசூலை ஏலத்தில் எடுக்கக் கணக்கப்பிள்ளையை அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பேரையூர்ப் பக்கம் காய்ந்த காடு, அங்கே புங்கமரம் குறைவு, அதனால் எங்கள் ஊர்க் காயை அள்ளிக்கொண்டு போகப்போகிறீர்கள். முதலில் ஆள் போனது. இப்போது காயும் போகிறது. அடுத்து வாய்க்காலையே திருப்பிக்கொள்வாளா?

அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் உங்கள் மாமன் வீட்டுப் பேச்சு வந்தால் வலி பறந்துவிடுகிறது. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம், "முத்துத்தாயி கைராசிக்காரி. ஒத்தப் பிள்ளையின்னாலும் வீடு நெறஞ்சிருக்கு"ன்னு சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நெல் குத்திக்கொண்டிருந்தேன். மில் பூட்டியதில் இருந்து ஊரில் எல்லாரும் உலக்கைதான். அன்றைக்கு நான் குத்திய அரிசியில் பாதி நொய்யாகப் போனது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். யார் சமைப்பது என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செல்லத்தாய்

பரவை,
மாசி 19

என் மச்சானுக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வந்த மணியார்டரும் கிடைத்தன. மணியார்டரை அத்தையிடம் கொடுத்தேன். கடிதத்தைப் பெட்டியில் பூட்டினேன், கோபத்தில்.

நான் கேட்டதற்கெல்லாம் ஒரே வரியில் "பைத்தியக்காரத்தனமாக எழுதாதே" என்று முடித்துவிட்டு, பிறகு இரண்டு பக்கத்துக்குப் புங்கெண்ணெய்ப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். காலையில் கொஞ்சம் குரூடாயில் ஊற்றிக் கிளப்ப வேண்டும், இன்ஜின் சூடேறியதும் புங்கெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் குரூடாயில் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிசின் கட்டிக்கொள்ளும். சரி, படித்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை படித்தேன். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியட்டும் என்றுதான்.

படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் நஷ்டத்துக்கு ஓட்டுகிறீர்கள்.

கோபத்தில் சொல்லவில்லை. கேளுங்கள். மொக்கைச்சாமி அண்ணன் செக்கு எள் கிடைக்காமல் ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. புங்கம் ஆட்டினால் செக்கில் கசப்பு ஏறிவிடும், அப்புறம் சாப்பாட்டு எண்ணெய் ஆட்ட முடியாது என்று அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "எள்ளு வந்தாத்தானே அண்ணே கசப்பப் பத்திக் கவல"ன்னு கேட்டேன். சிரித்துவிட்டு மாட்டைப் பூட்டினார். நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மரத்துக் காயைப் பொறுக்கி, உடைத்து, ஆட்டிப் பார்த்தேன்.

காயில் சரிபாதி தோடாகவே போகிறது. மிஞ்சின பருப்பு ஆறு படி ஆட்டினால் எண்ணெய் ஒரு படிகூடச் சரியாக வரவில்லை. மற்றதெல்லாம் பிண்ணாக்கு. அதை மாடு மோந்துகூடப் பார்க்காது. இப்போது யோசியுங்கள். நீங்கள் இங்கிருந்து காயாக வண்டியில் ஏற்றி, திருமங்கலம் வழியாக இரண்டு நாள் மாடு இழுத்துப் பேரையூர் கொண்டுபோய், அங்கே ஆட்டுகிறீர்கள். வண்டிக்கூலி எதற்குக் கொடுக்கிறீர்கள்? தோட்டுக்கும் பிண்ணாக்குக்கும் கொடுக்கிறீர்கள். எண்ணெய் அதில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அந்தப் பிண்ணாக்கை வாங்க ஆள் உண்டா? மானாவாரிப் பருத்திக்கு அதை யார் போடப்போகிறார்கள்? இங்கே சோழவந்தான் கொடிக்கால்காரர்கள் வெற்றிலைக்குப் போடுவதற்குப் புங்கம்பிண்ணாக்கு கிடைக்குமா என்று வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்கள். உரம் எங்கும் கிடைக்கவில்லை. பிண்ணாக்கு விற்ற காசில் செக்குக்கூலியும் பொறுக்குகூலியும் அடைந்துவிடும். எண்ணெய் கிட்டத்தட்டச் சும்மா கிடைத்ததுபோலத்தான்.

இது உங்கள் கெட்டிக்கார முத்துத்தாய்க்குத் தெரியவில்லையே!

அதனால் வாய்க்கால் கரை ஏலத்தை நானே கேட்கப்போகிறேன். நான் வளர்த்த ஆறு ஆடுகளையும் விற்றுவிட்டேன். முன்பணம் கால் பங்கு கட்டினால் போதும், மிச்சத்தை மகசூல் எடுத்த பிறகு கட்டலாம் என்று கிராம முன்சீப் சொன்னார். நான் எடுத்துவிட்டால் உங்கள் மில்லுக்கு எண்ணெய் இல்லை. இன்ஜின் நின்றால் டிரைவருக்கு அங்கே வேலை இல்லை. எண்ணெய் இங்கே இருந்தால் பூட்டிக்கிடக்கும் நம் ஊர் ரைஸ் மில்லைத் திறக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கலாம். அவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் கேட்டேன்.

பொம்பளைக்கு ஏலம் எதற்கு, ஊர் சிரிக்கும் என்று எழுதுவீர்கள். அவள் மில் நடத்தினால் துணிச்சல். நான் ஏலம் கேட்டால் திமிரா?

இன்னொரு சேதி. போன வாரம் அத்தை கல்லுப்பட்டியில் ஏதோ காதுகுத்து என்று கிளம்பிப் போனார்கள். முழங்கால் வலியோடு. அங்கிருந்து உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. திரும்பி வந்ததில் இருந்து அத்தை என்னோடு அதிகம் பேசுவதில்லை. நேற்று மட்டும் சோறு போட்டபோது தட்டைப் பார்த்தபடி, "அந்தக் காலத்துல எங்க வீட்டுல ரெண்டு மருமகளும் ஒத்துமையாத்தான் இருந்தாக" என்றார்கள். உங்கள் பெரியப்பா இரண்டு கல்யாணம் செய்துகொண்ட கதைதான். எனக்குத் தெரியாத கதையா? ஆனால் அதை ஏன் இப்போது சொன்னார்கள் என்று தெரியவில்லை. ரசம் ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏலம் பங்குனி முதல் வாரம். உங்கள் முதலாளியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செல்லத்தாய்

பரவை,
பங்குனி 11

என் மச்சானுக்கு,

ஏலம் முடிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை வந்து அவர் வாய்க்கு வந்தபடி சொல்லியிருப்பார். நடந்ததை நானும் எழுதிவிடுகிறேன்.

மடைப்பக்கம் இருக்கிற பெரிய மரத்தடியில் முன்சீப்பும் தலையாரியும் உட்கார்ந்தார்கள். நாலைந்து பேர் கேட்க வந்திருந்தார்கள். நான் மொக்கைச்சாமி அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். நூற்றைம்பதுக்கு மேல் ஒரு காசு கேட்கக்கூடாது, அதற்கு மேல் போனால் கட்டுபடியாகாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். நூறைத் தாண்டியதும் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நானும் கணக்கப்பிள்ளை கருத்தக்கண்ணனும் மட்டும் நின்றோம்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் ஒவ்வொரு தடவை கேட்பதற்கு முன்னாலும் திரும்பி, புளியமரத்தடியில் நின்ற கூண்டு வண்டியைப் பார்த்தார். வண்டிக்குள் இருந்து ஒரு பொம்பளைக் கை வெளியே வந்து அசையும். அவர் ஏற்றிக் கேட்பார்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு நூற்றைம்பது மறந்துபோனது. என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஐந்து ஏற்றினால் நான் பத்து ஏற்றினேன். மொக்கைச்சாமி அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆத்தா, நீ புங்கங்காய்க்கா கேக்குற? இம்புட்டுக்கு எடுத்தா எண்ணெயக் குடிச்சாலும் கட்டாது" என்றார். நான் இருநூற்றுப் பத்து என்றேன். ஊர் வாயைப் பிளந்தது. வண்டிக்குள் இருந்து குரல் வந்தது. "விட்டுருங்க கணக்கப்பிள்ளே. அந்தப் பொண்ணு வாங்க வந்தது வேற."

முன்சீப் என் பெயரை எழுதினார். நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிண்ணாக்கு முழுவதையும் விற்றாலும், எண்ணெயை விளக்குக்கும் சோப்புக்கும் கேட்கிறவர்களிடம் விற்றால் முதல் தேறாது. வழியில் எதிர்ப்பட்ட ரைஸ் மில் முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? சண்டை முடிந்தால் குரூடாயில் தானாக வரும், இந்தக் கசப்பு எண்ணெயை ஊற்றி என் இன்ஜினைக் கெடுக்கமாட்டேன் என்றுவிட்டார். புங்கெண்ணெய்க்கு நான் கேட்கும் விலையைக் கொடுக்கக்கூடிய மில் இந்த ஜில்லாவில் ஒன்றுதான் இருக்கிறது. யாருடைய மில் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னால் அந்தக் கூண்டு வண்டி நம் வாசலில் நின்றது. அத்தை முத்துத்தாயை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். "அத்தை, நீங்க செத்தப் பாண்டியம்மா வீட்டுல இருங்க. நாங்க யாவாரம் பேசணும்" என்று அவள் சொன்னாள். அத்தை எழுந்து போய்விட்டார்கள். எட்டு வருஷத்தில் நான் சொல்லி அத்தை எழுந்து போனதே இல்லை.

அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். நம் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை, பிரசவ நேரம். அழகு என்று சொல்ல முடியாது. என்னைவிட ஒரு பிடி உயரம், என்னைவிடக் கறுப்பு. நகை ஒன்றும் இல்லை, பாம்படம் கழற்றிய காது வெறுமையாகத் தொங்கியது. நகக்கண்ணில் இன்ஜின் கரி. அழகாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது மச்சான். அழகிகளை நீங்கள் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நகக்கண்ணில் கரியோடு வேலை செய்கிற ஒருத்தியைப் பார்ப்பீர்கள்.

தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்: "செல்லத்தாயி, உங்கிட்டக் காயி இருக்கு, எங்கிட்ட இன்ஜின் இருக்கு. நாம ரெண்டு பேரும் இப்பிடியே மொறச்சுக்கிட்டு இருந்தா உனக்கும் நட்டம், எனக்கும் நட்டம். இங்கனயே ஆட்டி எண்ணெயாக் குடு. பிண்ணாக்க நீயே வச்சுக்க. தோட்டுக்கும் பிண்ணாக்குக்கும் வண்டிக்கூலி குடுக்குறோம்னு டிரைவர் சொன்னாரு. நல்ல யோசனைன்னேன். வீட்டுல எழுதுனாகன்னாரு."

டிரைவர் என்றாள். மச்சான் என்று சொல்லவில்லை. பேச்சு முடிகிறவரைக்கும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நான் உங்களுக்கு மட்டும் எழுதியதை நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு அவளே ஆரம்பித்தாள். "அத்தை மாசியில எங்க வீட்டுக்கு வந்துச்சு. எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு இன்ஜினுக்குத்தான் ஆளு வேணும், வீட்டுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒருத்தருக்கு ஆக்கிப்போட்டு, அவரு வர்ற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்தது போதும். இப்ப மில்லு சங்கு என் கையில இருக்கு. நான் ஊதுனாத்தான் ஊரு வேலைக்கு வரும்."

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வேறு ஒரு எரிச்சல் வந்து உட்கார்ந்தது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காக்கிறதை அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். அவளிடம் இருந்து நீங்கள் எனக்கு மிச்சமானவர்போல் ஆகிவிட்டது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்களும் புரிந்துகொள்ளமாட்டீர்கள்.

விலை பேசினோம். அவள் சொன்ன விலைக்கு என் முதல் வந்து, கையிலும் கொஞ்சம் நிற்கும். பதினைந்து நாளைக்கு ஒரு நடை, வண்டி அவளுடையது. எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு நான் ஒரு நிபந்தனை வைத்தேன். எண்ணெய் எடுக்க வண்டியோடு டிரைவர்தான் வரவேண்டும், கணக்கப்பிள்ளை கையிலோ வேறு ஆள் கையிலோ ஒரு டின்கூடக் கொடுக்கமாட்டேன் என்றேன். எண்ணெயில் வண்டல் இருக்கிறதா என்று இன்ஜின் தெரிந்தவர் பார்த்து எடுப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது என்று காரணமும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் போகச் சொல்லியிருப்பேன். "போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு, இங்க ஒரு நாளு. அஞ்சு நாளு டிரைவர் இல்லாம மில்லு நிக்கும். அந்த நட்டத்த எண்ணெய் வெலையில பிடிச்சுக்கிருவேன். சம்மதமா?" என்றாள்.

சம்மதம் என்றேன். டின்னுக்கு மூன்று அணா குறைந்தது. கையில் நிற்க வேண்டியது அநேகமாக அதில் போய்விடும். மொக்கைச்சாமி அண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பேரையூரு வண்டிக்கூலி வரைக்கும் நல்லாத்தான ஆத்தா கணக்குப் போட்ட"ன்னு கேட்டார். போட்டுவிட்டுத்தான் சம்மதித்தேன் என்றேன்.

காய் பொறுக்க மலையம்மாளையும் இன்னும் பத்துப் பேரையும் சேர்த்திருக்கிறேன். மடைக்கு மேற்கே முடிந்துவிட்டது. செக்கு காலையில் இருந்து ஓடுகிறது. என் கையிலும் சேலையிலும் அந்த வாடைதான். துவைத்தாலும் போகவில்லை. இனி உங்கள் சட்டையில் வாடை அடித்தால் அது எந்த வீட்டு எண்ணெய் என்று நானே தெரிந்துகொள்ள முடியாது.

அத்தை அன்றையில் இருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலுக்குப் புங்கெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் காலை நீட்டிக்கொண்டார்கள்.

மச்சான், அத்தை கேட்டதற்கு முத்துத்தாய் சொன்ன பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அவளிடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்டிருப்பார்கள். உங்களைக் கேட்காமல் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. அதனால்தான் கேட்கவில்லை.

நீங்களும் அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். பங்குனி இருபத்தைந்துக்குள் முதல் நடைக்கு எண்ணெய் தயாராக இருக்கும். வெயில் கடுமையாக இருக்கிறது. திருமங்கலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நீங்களும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அழகர்மலையான் உங்களுக்கு வழியில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். டின்களை ஏற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். விலை குறைத்துக் கொடுத்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

உங்கள்,
செல்லத்தாய்